மீட்டரில் ஏறாத தண்ணீர்

உவர்மலையில் மாதாமாதம்
வீடு வீடாய் மீட்டர் பார்க்கிறவள் நான்.
கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிற தண்ணீரை
இலக்கமாக்கிக் கொடுத்தால் சம்பளம்.
அந்தத் தண்ணீரைத் தொடமாட்டேன் என்கிற ஒன்று
என் குசினி யன்னலில் தொங்குகிறது.

மாற்றலாகி மத்துகமைக்குப் போன தாதி துலாஞ்சலி
லொறியில் இடமில்லை என்று விட்டுப்போனது.
"பாந்துரா. மழைத்தண்ணி மட்டும், அக்கா.
பசளை வேணாம். போட்டாச் செத்துரும்."
வேறொன்றும் சொல்லவில்லை, லொறி வெளிக்கிட்டுவிட்டது.

இலை முடிகிற இடத்தில்
நடுநரம்பு முடிய மறுத்துக் கம்பியாய் நீள்கிறது.
நுனி ஒரு நாள் கனத்துத் தொங்குகிறது,
பிறகு நிமிர்ந்து, ஊதி, ஒரு கெண்டி.
மூடி திறக்க முன்பே உள்ளே தண்ணீர் இருக்கிறது,
யாரும் ஊற்றாத தண்ணீர்.
திறந்த மூடி பிறகு மூடுவதேயில்லை.
வாயை மூடி ஈ பிடிக்கும் என்று சொன்ன
அலுவலக ஆட்கள் எல்லாருக்கும் பிழை.
எறும்பு தானாய் வருகிறது, விளிம்பை நக்குகிறது,
வழுக்குகிறது.

என் மனுசன் தயாபரனுக்குப் பாவமாய்ப் போயிற்று.
பட்டினி கிடக்குது என்று
ஒரு கீரிமீன் துண்டைப் போட்டுவிட்டார்.
மூன்றாம் நாள் குசினியில் நிற்க முடியவில்லை.
கெண்டி கறுத்துச் சரிந்தது. அவர் அதற்குப் பிறகு
அந்த யன்னல் பக்கம் தேத்தண்ணி குடிப்பதில்லை.

இடுப்பைப் பார் என்று எங்கோ வாசித்தேன்.
கடையில் விற்கிற கலப்பினத்துக்கு
நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்குமாம்.
இதற்கு இடுப்பே இல்லை.
வாய் விளிம்பு ஒல்லி, பழைய காப்பு மாதிரி.
அடியில் பிறந்த கெண்டிக்கு முன்னால் இரண்டு சிறகு,
கொடியேறிப் பிறந்ததற்குச் சிறகில்லை,
கம்பி மட்டும் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது.
அப்படியென்றால் இது காட்டுப் பாந்துரா.
அப்படியென்றால் யாரோ கிண்டியெடுத்தது.
லேபலில் பேர் எழுத வந்தவள்
பென்சிலோடு நின்றேன்.

ஆனியில் கச்சான் எழும்பியது.
மாரியில் பிடித்து வைத்த பத்தொன்பது சோடாப் போத்தல்
கட்டிலுக்கடியில்.
ஒவ்வொன்றிலும் கோடு கிழித்து வாசித்தேன்,
தொழில் பழக்கம்.
ஆடி பிறக்க ஏழு. பிறகு இரண்டு.
கெண்டிகள் வாயிலிருந்து கீழே காய்ந்துவந்தன.
புது இலைகளின் கம்பி நுனி
கடுகளவில் கருகி நின்றது.
இலை சாகவில்லை,
காற்றில் ஈரம் இல்லை என்கிறது.
தும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு மாற்றி நட்டு
குளியலறைக் கம்பிவலைக்கு மாற்றினேன்.
மத்திய வீதியில் நஸ்லிம் பாமசியின்
ஏசிக் குழாய்க்கடியில் போத்தல் பிடித்தேன்.
"வாட்டர்போட் ஆளே
எங்கட்டத் தண்ணி களவெடுக்குது" என்று
கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தார்.
கால் போத்தல் நிறைய முக்கால் மணித்தியாலம்.
சீருடையோடு நின்றேன்.

அன்றிரவு துலாஞ்சலி எடுத்தாள்.
"பாந்துரா சுகமா?"
சுகம் என்றேன். பொய்.
பிறகு கேட்டேன்,
வாங்கினதா, கிண்டினதா?

அந்தப் பக்கம் பேச்சில்லை.
தகரத்தில் மழை.
இங்கே கச்சான் கதவை அடித்துக்கொண்டிருந்தது,
அங்கே ஆடி மாதத்தில் பீலி நிரம்பி வழிகிற சத்தம்,
வாளியில் கூடப் பிடிக்காமல்
சும்மா நிலத்துக்குப் போகிற சத்தம்.

"கேக்குதா அக்கா?" என்றாள்.
எதைச் சொன்னாள் தெரியாது.
கேக்குது என்றேன்.

போன் சூடாகும் வரை காதில் வைத்திருந்தேன்.
பிறகு ரோர்ச் அடித்துப் பார்த்தேன்,
ஒரு நுனி
கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாய் இருந்தது,
அல்லது அப்படி இருந்ததாய் நினைத்தேன்.

லேபலில் பேருக்குப் பதிலாக ஊரை எழுதினேன்.
மத்துகமை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
பென்சிலால்.